பேச்சு டீச்சரின் கோபம்

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயரே இல்லை. கேட்டில் நிற்கும் காவல்காரர் முதல் பெரிய மேடம் வரைக்கும் எல்லோருக்கும் அவள் பேச்சு டீச்சர்தான். தரைத்தளத்தில் தண்ணீர் மோட்டாருக்கு அடுத்த அறை அவளுடையது. மோட்டார் ஓடும்போது சுவரே முனகும், மேசை மேல் வைத்த கண்ணாடி கிடுகிடுக்கும். பேசத் திணறும் பிள்ளைகளைப் பேச வைக்க, பள்ளிக்கூடத்திலேயே காதில் எதுவும் விழாத மூலையாகப் பார்த்து ஒதுக்கியிருந்தார்கள். அந்தப் புண்ணியவான் யார் என்று சேர்ந்த அன்றே கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. அந்தக் கோபம் அப்படியே கிடந்தது. அதன் மேல் அடுத்தடுத்த கோபங்கள் வந்து உட்கார்ந்துகொண்டன.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்தே அவள் கணவர் கண்டுபிடித்துவிடுவார். அச்சகத்தில் வேலை பார்ப்பவர், அதிகம் பேசாதவர். "இன்னைக்கு யார் மேல?" என்று மட்டும் கேட்பார். அவள் சொல்லி முடிக்கும்வரை வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பார்.

பிறக்கும்போதே கோபத்தோடு பிறந்தவள் என்று அம்மா சொல்வாள். அவள் அதை ஒத்துக்கொள்ள மாட்டாள். எங்கே, யாரால் பிடித்தது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அவளுடைய அப்பா பஸ் கண்டக்டர். நெரிசலைக் கிழித்துக்கொண்டு பின்வாசல் வரைக்கும் போகிற குரல். அவள் பள்ளிப் படிப்பை முடித்த வருடம், ஒரு காலையில் ஷூ மாட்டக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வலது கை விளங்கவில்லை, பேச்சு போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ நாக்கில் தங்கியிருந்தது. சனியன். தண்ணீர் வேண்டுமென்றாலும் சனியன், ஜன்னலைத் திறக்கச் சொன்னாலும் சனியன், மகள் தலையைத் தடவிக் கொடுக்கும்போதும் சனியன். பார்க்க வந்த உறவுக்காரர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சித்தப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, அப்பாவின் முகத்துக்கு நேராகவே, "புத்தியும் சேர்ந்து போயிடுச்சு போல, பாவம்," என்றார்.

அப்பாவின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அவள் தட்டைத் தரையில் வைத்த வேகத்தில் டம்ளர் உருண்டு ஓடியது.

"அவருக்கு வாய்தான் வரல சித்தப்பா. காது நல்லாவே கேக்குது."

"பெரியவங்ககிட்ட இப்படியா பேசறது?" என்று அம்மா அதட்டினாள்.

அப்பா தம்பியை நிமிர்ந்து பார்த்து, நிறுத்தி நிதானமாக, "சனியன்," என்றார். அந்த ஒரு தடவை அது சரியான இடத்தில் போய் விழுந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். இனி இந்த வீட்டில் அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி எவரும் பேசக்கூடாது என்று அன்றைக்குப் போட்ட சண்டையை அவர் சாகும்வரை விடவில்லை. பேச்சுப் பயிற்சியை ஒரு படிப்பாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் அதிலேயே போய்ச் சேர்ந்தாள். ஆஸ்பத்திரியில் சில வருடம், அதற்குப் பிறகு இந்தப் பள்ளி.

இங்கே அவளிடம் வந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நாக்கிலும் உதட்டிலும் ஒரு கோளாறும் கிடையாது. சொற்கள் கொட்டிக் கிடந்தன. எப்போது ஆரம்பிப்பது, எங்கே நிறுத்துவது, எதிரில் இருப்பவர் கேட்கிறாரா, கேட்பதுபோல் தலையை மட்டும் ஆட்டுகிறாரா, அதுதான் பிடிபடாது. ஒருவன் கேட்ட கேள்வியையே பதிலாகத் திருப்பித் தருவான். ஒருத்தி ஆட்களின் செருப்போடு மட்டும் பேசுவாள். கூட்டாக உட்கார வைத்து, ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க, கேள்வி கேட்க, பேச்சை மாற்ற, விடைபெற என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுப்பாள். மற்ற பிள்ளைகளுக்கு மூச்சு விடுவதுபோல வருவதை இவர்கள் கணக்குப் பாடம்போல் படித்தார்கள். அந்த உழைப்பை யாரும் பார்ப்பதில்லை என்பது அவளுடைய நிரந்தரக் கோபங்களில் ஒன்று.

அவர்களில் ஒருத்தியை அவள் வானிலை என்று கூப்பிடுவாள். அந்தப் பெண்ணுக்கும் அந்தப் பெயர் பிடித்திருந்தது. ஏழாம் வகுப்பு. தெருமுனையில் தையல்கடை வைத்திருக்கும் பெண்மணியின் ஒரே மகள். யாரைப் பார்த்தாலும் வணக்கத்துக்குப் பதிலாக, "இன்னைக்கு மத்தியானம் மழை வரலாம், காத்து மேற்கேருந்து அடிக்குது," என்றுதான் ஆரம்பிப்பாள். அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். வகுப்பில் அவளோடு யாரும் சாப்பிட உட்கார மாட்டார்கள். "எனக்கு ஃப்ரெண்டு வேணும் டீச்சர்," என்று ஒருநாள் வானிலை சொன்னாள். குடை வேண்டும் என்று கேட்பதுபோல, வெறும் தகவலாகச் சொன்னாள். பேச்சு டீச்சர் அன்றிலிருந்து அதையே பாடமாக வைத்தாள். பக்கத்தில் போய் நில். அவர்கள் பேசுவதைக் கொஞ்சம் கேள். உன்னிடம் இருப்பதைப் பகிர்ந்துகொள். அவர்கள் ஏதாவது கேட்டால் உதவி செய். ஒவ்வொன்றுக்கும் படம் வரைந்து சுவரில் ஒட்டினாள்.

ஒரு திங்கட்கிழமை காலை, எல்லா வகுப்பும் மைதானத்தில் வரிசையாக நிற்கையில், வானிலை வரிசையை விட்டு விலகி நேராக விளையாட்டு மாஸ்டரிடம் போனாள். "சார், உங்க வாய் நாறுது. பல்லு தேய்க்கிறதே இல்லையா?" என்று தெளிவாக, சத்தமாக, கற்றுக்கொடுத்தபடியே முகத்தைப் பார்த்துக் கேட்டாள். மைதானமே சிரித்தது. பின் வரிசையில் மூன்று பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். அவர்களில் ஒருத்தி கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்து வானிலையும் சிரித்தாள்.

அடுத்த பாடவேளைக்குள் பெரிய மேடம் பேச்சு டீச்சரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உங்க பொண்ணு பண்ணின காரியம் தெரியுமா?"

"என் பொண்ணு இல்ல மேடம். நீங்க நம்ம பள்ளிக்கூடத்துப் பொண்ணச் சொல்றீங்க."

பெரிய மேடம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "வெள்ளிக்கிழமை மேடையில ஏறி எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேக்கணும். நீங்கதான் தயார் பண்ணணும். தலையைக் குனிஞ்சுக்கிட்டு முணுமுணுக்கக் கூடாது. நிமிர்ந்து பாத்து, தெளிவா, கொஞ்சம் சிரிச்ச முகமா. இத்தனை நாள் நீங்க சொல்லிக்கொடுத்ததுக்கு ஒரு பரீட்சைன்னு வச்சுக்குங்களேன்."

"ஏன் அப்படிச் சொன்னான்னு யாராவது கேட்டீங்களா?"

"இதுல கேக்க என்ன இருக்கு? அவளுக்கு இங்கிதம் தெரியாது. அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க?"

அவள் திரும்பிப் படியிறங்கினாள். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

வானிலை அவளுடைய அறையில் கால்களை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. எதையோ சாதித்த பூரிப்புத்தான் இருந்தது.

"மாஸ்டர்கிட்ட அப்படிக் கேக்கணும்னு உனக்கே தோணுச்சா?"

"இல்ல. லீடர் சொன்னா." லீடர் என்றால் வகுப்புத் தலைவி, சிரித்த மூவரில் ஒருத்தி. "போய் இதக் கேட்டுட்டு வந்தா எங்களோட சாப்பிடலாம், எங்க ஃப்ரெண்டுன்னு சொன்னா. நான் கேட்டுட்டேன். இன்னைக்கு அவங்களோட சாப்பிடுவேன்."

"அவங்க சொன்னா செஞ்சிடறதா?"

வானிலை கையை நீட்டிச் சுவரைக் காட்டினாள். "ஃப்ரெண்டு கேட்டா உதவி செய்யணும். நீங்கதான் சொன்னீங்க."

சுவரில் அந்தப் படம் இருந்தது. ஒரு பிள்ளை கை நீட்ட, இன்னொரு பிள்ளை சிரித்த முகத்தோடு பென்சில் கொடுக்கிறது. அவளே வரைந்தது, வண்ணம் தீட்டியது. கேட்டால் கொடு, சொன்னால் செய், சிரித்த முகமாக இரு. சுற்றுமுற்றும் பார்த்தாள். சுவர் முழுக்க அதுதான். இந்தப் பிள்ளைகள் மற்றவர்களுக்குத் தொந்தரவு இல்லாமல் இருப்பது எப்படி என்று சுவர் சுவராக ஒட்டி வைத்திருக்கிறாள். மற்றவர்கள் இவர்களைத் தொந்தரவு செய்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரு படமும் இல்லை. அதுவரை ஊர் மேல் இருந்த கோபம் தன் மேலேயே திரும்பியது. எழுந்து போய் அந்தப் படத்தைக் கிழித்தாள். சுண்ணாம்பும் சேர்ந்து பெயர்ந்து வந்தது.

"சுவர் போச்சு டீச்சர்," என்றாள் வானிலை.

மத்தியானம் வானிலை தன் டப்பாவோடு அந்த மூவர் இருந்த மேசைக்குப் போனாள். அவர்கள் கைபேசியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, எழுந்து வேறு மேசைக்குப் போய்விட்டார்கள். பேச்சு டீச்சர் இதைத் தூணருகே நின்று பார்த்தாள். ஓடிப்போய் அந்த லீடரின் காதைத் திருகத் துடித்த கையைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் முதல் பழைய பாடத்தை மூட்டை கட்டி வைத்தாள். ஒரே ஒரு சொல். முடியாது.

"நான் ஒண்ணு சொல்வேன். நீ செய்யக்கூடாது. முடியாதுன்னு சொல்லணும். சரியா? மேசை மேல ஏறு."

வானிலை ஏறினாள்.

"இறங்கு. திரும்பவும். உன் டப்பாவ எனக்குக் கொடு."

கொடுத்தாள்.

"ஏம்மா, முடியாதுன்னு சொல்லணும்னு சொன்னேனே."

"நீங்க கேட்டீங்க. உங்களுக்குப் பசிக்கும்ல."

பேச்சு டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டாள். எத்தனையோ பிள்ளைகளுக்கு ஒலி வரவழைத்திருக்கிறாள், ரகரம் ளகரம் திருத்தியிருக்கிறாள். இந்த நான்கெழுத்துச் சொல்லை வரவழைப்பதற்குள் நாக்கு தள்ளிவிட்டது. இரண்டாம் நாள், சட்டையில் மையைக் கொட்டிக்கொள்ளச் சொன்னபோதுதான் வானிலை யோசித்தாள். சட்டையைப் பார்த்தாள். அது அவள் அம்மா தைத்தது. "முடியாது," என்றாள், மெதுவாக. பிறகு தான் சொன்னதைத் தானே கேட்டு வியந்ததுபோல இன்னொரு முறை சொன்னாள். கேள்வியைத் திருப்பிச் சொல்லும் பையனும் சேர்ந்துகொண்டான். அறை முழுக்க முடியாது, முடியாது என்று கும்மாளம். மோட்டார் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

கேலியையும் விளையாட்டையும் பிரித்துச் சொல்லிக்கொடுப்பதுதான் மலையாக இருந்தது. குரலைக் கவனி, கண்ணைக் கவனி, உதட்டோரத்தைப் பார் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் வானிலையே தனக்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். "சிரிச்சிட்டு என்கூடவே உக்காந்து சாப்பிட்டா அது ஜோக். சிரிச்சிட்டு வேற மேசைக்குப் போனா அது ஜோக் இல்ல." பேச்சு டீச்சர் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள்.

வியாழக்கிழமை அவள் வானிலையை விளையாட்டு மாஸ்டரிடம் கூட்டிப்போனாள். அவர் பந்துகள் இருந்த வலை மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "சார், நான் அப்படிச் சொன்னது உங்களுக்குக் கஷ்டமா இருந்திருக்கும். தப்பு," என்றாள் வானிலை. மாஸ்டர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "கஷ்டமாத்தான் இருந்துச்சும்மா. ஆனா பொய் இல்ல. கடைவாய்ப் பல்லு சொத்தை. பயந்துக்கிட்டே போகாம இருக்கேன்." பேச்சு டீச்சரிடம், "என்னைப் பொறுத்தவரை இது இத்தோட முடிஞ்சுது. மேடையெல்லாம் எதுக்கு?" என்றார்.

அதை அப்படியே பெரிய மேடத்திடம் சொன்னாள். அவர் அசையவில்லை. "எல்லார் முன்னாலயும் நடந்தது, எல்லார் முன்னாலயும்தான் முடியணும்."

வெள்ளிக்கிழமை வானிலையை மேடையில் ஏற்றினார்கள். பேச்சு டீச்சர் படிக்கட்டுக்குக் கீழே நின்றாள். ஒலிவாங்கியை இறக்கி வைத்துவிட்டு, "ம், சொல்லும்மா," என்றார் பெரிய மேடம். வானிலை முதலில் வானத்தைப் பார்த்தாள். பிறகு, "மாஸ்டர்கிட்ட நேத்து சொல்லிட்டேன். அவர் சரின்னுட்டார். இங்க சொல்ல முடியாது," என்றாள்.

"என்ன சொன்னே?"

"முடியாது."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. வானிலை இறங்கி வந்து வரிசையில் தன் இடத்தில் நின்றுகொண்டாள்.

பெரிய மேடத்தின் அறையில் அன்றைக்கு நடந்ததைக் கதவுக்கு வெளியே இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். "பிள்ளைங்களுக்குப் பணிவு சொல்லிக்கொடுங்கன்னு வச்சா, எதுத்துப் பேசச் சொல்லிக்கொடுத்திருக்கீங்க."

"எதுத்துப் பேசல மேடம். பேசியிருக்கா. நீங்க இதுவரைக்கும் அவ பேசிக் கேட்டதில்ல, அதான் உங்களுக்குப் புதுசா இருக்கு. அந்த மூணு பேரையும் என் வகுப்புக்கு அனுப்புங்க."

"அவங்களுக்கு என்ன குறை? நல்லாத்தானே பேசறாங்க."

"அந்த நல்ல பேச்சாலதான் ஒருத்திய மைதானத்துக்கு நடுவுல நிறுத்தினாங்க. எதிர்ல இருக்கிறவங்க மனசு என்னன்னு புரியாதவங்களுக்குத்தான் என் வகுப்புன்னு சொல்றீங்க. அப்படிப் பாத்தா இந்தப் பள்ளிக்கூடத்துல முதல்ல வர வேண்டியவங்க அவங்கதான்."

லீடரின் அப்பா பள்ளியின் நிர்வாகக் குழுவில் இருப்பவர். தன் மகளை "அந்த மாதிரி பிள்ளைங்க" உட்காரும் அறைக்கு அனுப்புவதா என்று குதித்தார். ஆனால் கைபேசிப் படம் வெளியே சுற்றத் தொடங்கியிருந்தது, நான்கு பெற்றோர் கேள்வி கேட்க ஆரம்பித்திருந்தார்கள். பெயருக்கு ஏதாவது செய்ய வேண்டியிருந்ததால் பெரிய மேடம் சம்மதித்தார். மூவரும் வந்தார்கள். லீடர் மூக்கைச் சுளித்துக்கொண்டு நகத்தைப் பார்த்தாள், கடைசிவரை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி லீடர் என்ன செய்கிறாளோ அதைச் செய்தாள். கண்ணாடி போட்ட மூன்றாமவள்தான், கேட்பதற்கு ஆளில்லாமல் தானே பேசிக்கொண்டிருக்கும் ஒரு பயிற்சியின் நடுவில் சட்டென்று நிறுத்தினாள். மற்ற இருவரும் பாடப்படி அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். "இது எனக்குப் பிடிக்கல டீச்சர்," என்றாள்.

"பிடிக்காதுதான். வானிலை வருஷக்கணக்கா இதுலதான் இருக்கா," என்றாள் பேச்சு டீச்சர். குரலில் கனிவைக் கொண்டுவர முயன்று தோற்றாள்.

சில நாள் கழித்துக் கண்ணாடிக்காரி மத்தியானத்தில் வானிலையிடம் போய், கூட உட்காரட்டுமா என்று கேட்டாள். வானிலை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். செருப்போடு பேசும் பெண் ஏற்கெனவே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "இன்னைக்கு வேண்டாம். அடுத்த வாரம் கேளு," என்றாள். கண்ணாடிக்காரி பேச்சு டீச்சரிடம் வந்து நின்றாள், சிபாரிசு செய்வாள் என்று. "அவ சொன்னது கேட்டுச்சுல்ல. அடுத்த வாரம் கேளு," என்று சொல்லிவிட்டு டீச்சர் போய்விட்டாள்.

இதற்கிடையில் தையல்கடைப் பெண்மணி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றார். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது.

"என்ன டீச்சர் சொல்லிக்கொடுத்தீங்க? தலை வாரிக்கோன்னா முடியாது, குளின்னா முடியாது, எழுந்திருன்னா முடியாது. கடையையும் பாத்துக்கிட்டு நான் ஒருத்தி எத்தனை முடியாதுக்குப் பதில் சொல்றது?"

"கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க. இப்பத்தான் கத்துக்கிட்டா."

"நீங்க பொறுத்துக்குங்கன்னு சொல்லிட்டு அஞ்சு மணிக்குக் கதவப் பூட்டிட்டுப் போயிடுவீங்க. ராத்திரி பகலா அவளோட இருக்கிறது நான். என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா?"

பேச்சு டீச்சருக்குச் சுருக்கென்றது. கேட்கவில்லைதான். அந்தப் பெண்மணியின் கோபம் தன்னுடையதைவிட நியாயமானது என்று பட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். வீட்டில் எதற்கெல்லாம் முடியாது சொல்லலாம், எதற்குச் சொன்னாலும் செல்லாது என்று இருவரும் உட்கார்ந்து பேசிப் பிரித்தார்கள். குளியல் செல்லாத பட்டியலில் சேர்ந்தது. "மேடையில சொன்னாளாமே," என்று எழுந்திருக்கும்போது அந்தப் பெண்மணி கேட்டார். "ஒரு தடவைதான் சொன்னாளா?" "ரெண்டு தடவ." அவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டே போனார். முகம் மலர்ந்திருந்தது.

ஆண்டு முடிவில் பெரிய மேடம் பேச்சு டீச்சரைக் கூப்பிட்டு, வரும் வருடத்துக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்வதாகச் சொன்னார். மிகவும் மரியாதையாகச் சொன்னார், நிமிர்ந்து பார்த்து, தெளிவாக, சிரித்த முகமாக. அவள் கத்தவில்லை. அறைக்குப் போய்க் கண்ணாடியையும் விளையாட்டுச் சாமான்களையும் பெட்டியில் போட்டாள். அன்று வீட்டில் கணவர் வழக்கம்போல யார் மேல் என்று கேட்டபோது, "எல்லார் மேலயும்," என்று சொல்லிவிட்டுச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் கத்தியை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சனிக்கிழமைகளில் வானிலையும், கேள்வியைத் திருப்பிச் சொல்லும் பையனும், செருப்போடு பேசும் பெண்ணும் வீட்டுக்கே வரட்டும் என்று முன்னறையை ஒழித்துக்கொடுத்தது அவர்தான்.

விடுமுறையின் கடைசியில் இன்னொரு பள்ளியில் கூப்பிட்டார்கள். நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். அனுபவம் கேட்டார்கள், முந்தைய இடத்தை ஏன் விட்டீர்கள் என்றார்கள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீங்க எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?" என்றார் நடுவில் இருந்தவர், எழுந்திருக்கத் தயாராகிக்கொண்டே.

"ஒண்ணே ஒண்ணு. பேச்சு வராத பிள்ளைங்கள மட்டும் என்கிட்ட அனுப்புவீங்களா, இல்ல அவங்களோட படிக்கிற மத்தப் பிள்ளைங்களையும் அனுப்புவீங்களா?"

"இது வரைக்கும் அப்படி யாரும் கேட்டதில்ல. யோசிச்சுச் சொல்லி அனுப்பறோம்."

"யோசிங்க," என்றாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கு அவசரம் இல்ல. இங்கயே உக்காந்திருக்கேன்."